உயர்த்திய வண்டியும் ஆறாம் ஆண்டு அறிவியலும்



தமிழ்ப்பள்ளி ஆசிரியருக்கு வண்டிப் பட்டறையில் என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். கேட்கட்டும். பத்துமலை வட்டாரத்தில், அதாவது செலாயாங், கோம்பாக், தாமான் ஸ்ரீ கோம்பாக், உலு யாம் வரையிலான இந்தப் பகுதியில், நம் பிள்ளைகளின் வீட்டு வாசல்களில் நிற்கும் பிக்கப் வண்டிகள் கூடிவிட்டன. ஹைலக்ஸ், டிரைட்டன், டி-மேக்ஸ், ரேஞ்சர், நவாரா என ஐந்து பெயர்களையும் இரண்டாம் ஆண்டு மாணவன் பிழையின்றிச் சொல்கிறான். ஐந்திணைகளின் பெயரைக் கேட்டால் திணறுகிறான் என்று இதை நான் குறையாகச் சொல்லவில்லை. அவன் மனம் எங்கே இருக்கிறது என்பதை நாம் அறிந்திருக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

இந்த வண்டிகளுள் பல, தொழிற்சாலையிலிருந்து வந்த உருவத்தில் இல்லை. ஸ்பிரிங் மாற்றி உயர்த்தப்பட்டிருக்கின்றன. பெரிய டயர்கள் பூட்டப்பட்டிருக்கின்றன. டேஷ்போர்டில் புதிதாக ஆறு, ஏழு சுவிட்சுகள் முளைத்திருக்கின்றன. காட்டுப் பாதைக்கு ஆயத்தமான வண்டி என்பது பொருள். இதைச் செய்பவர்களில் கணிசமானோர் நம் பள்ளிகளில் படித்து வெளியேறிய இளைஞர்களே. அவ்வண்டிகளில் ஏறி விடுமுறைக்குப் போகிறவர்கள் நம் வகுப்பறைகளில் இப்போது அமர்ந்திருக்கும் பிள்ளைகள். ஆகவே இது நம் கவலைக்குரிய பொருள்தான்.

பெற்றோர் கூட்டங்களில் இதைப் பற்றி இரண்டு வகையான பேச்சே காதில் விழுகிறது. ஒன்று, 'பையனுக்கு வண்டிப் பைத்தியம், படிப்பு ஏறவில்லை' என்னும் புலம்பல். மற்றொன்று, 'எங்கள் வண்டியை மூன்று இஞ்ச் ஏற்றியிருக்கிறோம்' என்னும் பெருமிதம். இரண்டும் எனக்கு உடன்பாடில்லை. வண்டியைப் பிரித்துப் பூட்டுவது படிப்பு இல்லாதவன் செய்யும் வேலை என்பது தவறான எண்ணம். உயர்த்திய வண்டியெல்லாம் உயர்ந்த வண்டி என்பதும் அதே அளவுக்குத் தவறான எண்ணம். இரண்டு தவறுகளுக்கும் வேர் ஒன்றே: அந்த வேலைக்குள் இருக்கும் அறிவியலை நாம் கண்ணெடுத்துப் பார்ப்பதில்லை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த நாட்டில் காட்டுப்பாதை வண்டி ஆடம்பரமாகத் தொடங்கிய ஒன்றன்று. 1948இல் லேண்ட் ரோவர் அறிமுகமானது. அதே ஆண்டில்தான் மலாயாவில் அவசரகாலமும் அறிவிக்கப்பட்டது. இராணுவமும் தோட்டத் துரைமார்களும் செம்மண் பாதைகளில் அவ்வண்டியைப் பயன்படுத்தினர். தோட்டங்களில் லோரியும் டிராக்டரும் ஓட்டியவர்களிலும், பட்டறையில் அவற்றைப் பழுது பார்த்தவர்களிலும் நம்மவர் பலர். இன்றும் கேமரன் மலையின் காய்கறித் தோட்டங்களுக்குப் போனால் பழைய லேண்ட் ரோவர்கள் முட்டைக்கோஸ் சுமந்து செங்குத்தான பாதைகளில் ஏறுவதைக் காணலாம். பின்னர் 1993இல் கேமல் டிராஃபி பந்தயம் சபாவில் நடந்தது. 1997இல் மழைக்காட்டுச் சவால் எனப்படும் 'ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச்' தொடங்கியது. வேண்டுமென்றே மழைக்காலத்தைத் தேர்ந்தெடுத்துச் சேற்றில் நடத்தப்படும் போட்டி அது. விளையாட்டாக இந்தக் கலை வளர்ந்த கதை இப்படி.

அது விளையாட்டாக மட்டும் நின்றுவிடவில்லை என்பதை நாமே கண்ணால் கண்டோம். 2014 டிசம்பரில் கிளந்தான் வெள்ளத்தில் மூழ்கியபோதும், 2021 டிசம்பரில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவும் உலு லங்காட்டும் நீரிலும் சேற்றிலும் தவித்தபோதும், சாதாரண மகிழுந்து போக முடியாத இடங்களுக்கு உணவும் குடிநீரும் கொண்டு சென்றவர்களில் இந்த உயர்த்திய வண்டிக்காரர்களும் இருந்தார்கள். உட்புறப் பூர்வகுடிக் கிராமங்களுக்கு மருந்தும் புத்தகமும் போவதும் பெரும்பாலும் இத்தகைய வண்டிகளில்தான். எனவே இதை வீண் வேலை என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. அதே வேளையில், பத்துமலையிலிருந்து கெப்போங் வரை தார்ச்சாலையில் மட்டும் ஓடி, மால் கட்டடத்தின் நிறுத்துமிடத்தில் கூரை இடிக்குமோ என்று குனிந்து பார்க்கும் வண்டிகளும் நிறைய உள்ளன. அவற்றைப் பற்றி என்ன சொல்வது? ஆசைக்கு அளவில்லை.

என் பழைய மாணவர் ஒருவர் இப்போது பட்டறை ஒன்றில் இவ்வேலையைச் செய்கிறார். தம் வண்டியைக் காட்டி, "டீச்சர், மூணு இஞ்ச் ஏத்தியாச்சு. இனிமே எந்தக் கல்லும் இடிக்காது," என்றார். "பின்னால் அச்சின் நடுவில் உருண்டையாகத் தொங்குகிறதே, அது எவ்வளவு ஏறியது?" என்று கேட்டேன். குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். "அது ஏறலை டீச்சர்."

இதுதான் முதல் பாடம். பெரும்பாலான பிக்கப்புகளின் பின்புறத்தில் ஒரே நீண்ட அச்சும் அதன்மேல் பட்டை ஸ்பிரிங்கும் இருக்கும். ஸ்பிரிங்கை மாற்றி உயர்த்தினால் அதற்கு மேலே இருக்கும் சட்டமும் கூண்டும் உயரும். அச்சும் அதன் நடுவிலுள்ள டிஃபரன்ஷியலும் சக்கரத்தோடு சேர்ந்தவை. இருந்த இடத்திலேயே இருக்கும். அவற்றை உயர்த்தக்கூடியது டயர் ஒன்றுதான். அதுவும் விட்டத்தில் கூடுவதில் பாதியே கிடைக்கும்.

கணக்கில் பார்ப்போம். 265/65 ஆர்17 என்ற அளவுள்ள டயரின் விட்டம் ஏறத்தாழ 776 மில்லிமீட்டர். அதை எடுத்துவிட்டு 285/70 ஆர்17 போட்டால் விட்டம் ஏறத்தாழ 831 மில்லிமீட்டர். வேறுபாடு 55, அதில் பாதி சுமார் 27 மில்லிமீட்டர். ஆயிரக்கணக்கான ரிங்கிட் செலவழித்த பின் அச்சுக்குக் கிடைத்த உயரம் நம் கட்டைவிரல் அகலத்தைவிடக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவே. அதோடு முடிவதில்லை. டயர் 7 விழுக்காடு பெரிதானதால் ஒவ்வொரு சுற்றிலும் வண்டி 7 விழுக்காடு கூடுதல் தூரம் போகிறது. வேகமானிக்கு இது தெரியாது. முன்பு சரியாகக் காட்டிய வேகமானி 110 என்று காட்டும்போது வண்டி ஏறத்தாழ 118இல் போய்க்கொண்டிருக்கும். நெடுஞ்சாலைக் கேமரா தரும் சம்மனுக்கு 'மீட்டரில் 110தானே இருந்தது' என்பது பதிலாகாது. விட்டம், சுற்றளவு, விழுக்காடு ஆகிய மூன்றும் நாம் தொடக்கப்பள்ளியில் கற்பிப்பவை. 'சார், இது எதற்கு உதவும்?' என்று மாணவன் கேட்டால் டயரின் பக்கவாட்டில் அச்சிட்ட எண்களைக் காட்டலாம்.

அடுத்து ஸ்பிரிங்கும் எப்சோர்பரும். இவை இரண்டையும் ஒன்றென நினைப்பவர் பலர். ஸ்பிரிங் எடையைத் தாங்குகிறது. அமுங்கியதும் திரும்பி எழுகிறது. எப்சோர்பர் எடையைத் தாங்குவதில்லை; ஸ்பிரிங் எழுந்து எழுந்து ஆடுவதை அடக்குகிறது. ஊஞ்சலைக் கையால் பிடித்து நிறுத்துவது போன்ற வேலை. எண்ணெயைச் சிறு துளைகளின் வழியே நெருக்கித் தள்ளி, ஆட்டத்தின் ஆற்றலை வெப்பமாக்கி வெளியே விடுகிறது. கற்கள் நிறைந்த பாதையில் நெடுநேரம் ஓட்டினால் எப்சோர்பர் தொட முடியாத அளவுக்குச் சூடாகும். எண்ணெய் சூடானால் அடக்கும் திறன் குறையும். விலை கூடிய எப்சோர்பர்களில் தனியாக ஓர் எண்ணெய்க் குடுவை தொங்குவது இதற்காகத்தான், அழகுக்காக அன்று. (இதற்கு 'அதிர்வேற்பி' என்றும் 'அதிர்வுத்தாங்கி' என்றும் நாம் சொல்லாக்கம் செய்யலாம். செய்ய வேண்டும் என்றே நானும் விரும்புகிறேன். ஆனால் பட்டறையில் போய் அதிர்வேற்பி கேட்டால் அகராதிதான் கிடைக்கும்.)

காசைக் குறைக்க விரும்புவோர் குறுக்கு வழி தேடுகிறார்கள். முன்புறம் முறுக்குத் தண்டு ஸ்பிரிங் உள்ள பழைய வண்டிகளில் ஒரு போல்ட்டைத் திருகினால் மூக்கு உயர்ந்துவிடும். ஸ்பிரிங் வலுவாகிவிட்டது என்று எண்ணுவார்கள். உண்மையில் வலு மாறவில்லை. நிற்கும் நிலை மட்டுமே மாறியது. மேலே ஏறிய அளவுக்குக் கீழே இறங்கும் இடம் குறைந்துவிட்டது. பள்ளத்தில் சக்கரம் இறங்காமல் அந்தரத்தில் தொங்கும். முன்சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டின் மூட்டு கூர்மையான கோணத்தில் வளைந்து வேலை செய்ய வேண்டியதாகி விரைவில் தேயும். காட்டுப்பாதைக்கு வேண்டியது உயரம் மட்டுமன்று, நான்கு சக்கரமும் தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும் தன்மை. உயரத்தை வாங்கித் தொடுகையை விற்றவன் சேற்றில் நிற்பான்.

பெற்றோர் கவனிக்க வேண்டிய இன்னொன்று பிரேக். பல பிக்கப்புகளின் பின் அச்சுக்கு அருகில் ஒரு சிறு வால்வு உண்டு. வண்டியின் பின்புறம் எவ்வளவு அமுங்கியிருக்கிறது என்பதைக் கொண்டு, சுமை இருக்கிறதா இல்லையா என்று அது கணித்துப் பின்சக்கரப் பிரேக்கின் விசையைக் கூட்டும் அல்லது குறைக்கும். பின்புறத்தை உயர்த்திவிட்டு இந்த வால்வைச் சரிசெய்யாமல் விட்டால், வண்டி எப்போதும் காலியாக இருப்பதாகவே அது எண்ணிக்கொள்ளும். குடும்பத்தோடும் கூடாரத்தோடும் கெந்திங் சாலையில் இறங்கும்போது பின்பிரேக் தேவையான அளவு பிடிக்காது. பிரேக் குழாய்கள் புதிய உயரத்துக்குப் போதுமான நீளம் உள்ளனவா, முன்விளக்கின் ஒளி எதிரே வருபவரின் கண்ணில் அடிக்காதபடி தாழ்த்தப்பட்டதா, சக்கரச் சீரமைப்பு செய்யப்பட்டதா என்பனவும் பட்டறையிடம் கேட்க வேண்டிய கேள்விகள். 'எத்தனை இஞ்ச்?' என்ற ஒரே கேள்வியோடு நம்மவர் நின்றுவிடுகிறார்கள்.

இனி நிலைத்தன்மைக்கு வருகிறேன். எனக்கு உண்மையான அச்சம் இதில்தான். நம் அறிவியல் பாடத்தில் நிலைத்தன்மை என்று ஒரு தலைப்பு உண்டு. அடித்தளப் பரப்பும் உயரமும் பொருளின் நிலைத்தன்மையை நிர்ணயிக்கும் என்று கற்பிக்கிறோம். புட்டியையும் பெட்டியையும் சாய்த்துக் காட்டுகிறோம். மாணவர் மனப்பாடம் செய்து எழுதிப் புள்ளி வாங்குகின்றனர். பத்துமலை மாணவனுக்குப் புட்டி எதற்கு? தைப்பூசத்தன்று அவன் கண் முன்னே பெரிய காவடிகள் ஆடி ஆடி வருகின்றன. காவடி உயர உயர, தூக்குபவர் கால்களை அகட்டி வைப்பதை அவன் பார்த்திருக்கிறான். காற்றடித்தால் உடன் வருபவர்கள் இருபுறமும் கை கொடுப்பதையும் பார்த்திருக்கிறான். கோலாலம்பூர் மகா மாரியம்மன் கோயிலிலிருந்து வரும் வெள்ளித்தேர் எவ்வளவு மெதுவாகத் திருப்பங்களில் திரும்புகிறது என்பதும் அவனுக்குத் தெரியும். உயர்த்திய பிக்கப்பும் ஒரு காவடிதான். ஆனால் அதற்குக் காலை அகட்டி வைக்கத் தெரியாது; கை கொடுக்க உடன் வருவாரும் இல்லை.

ஒரு மாதிரிக் கணக்கு. இடச் சக்கரத்துக்கும் வலச் சக்கரத்துக்கும் இடைவெளி 150 சென்டிமீட்டர் என்றும், வண்டியின் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 70 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். இடைவெளியில் பாதியான 75ஐ 70ஆல் வகுத்தால் 1.07. அதாவது, வண்டியைப் பக்கவாட்டில் சாய்க்க அதன் எடையைவிடச் சற்றுக் கூடுதலான விசை வேண்டும். ஸ்பிரிங்கும் டயரும் சேர்ந்து மையத்தை 7 சென்டிமீட்டர் உயர்த்தினால் 75ஐ 77ஆல் வகுக்க வேண்டும், விடை 0.97. இப்போது எடையைவிடக் குறைவான விசையே போதும். கூரைமேல் இரும்புத் தட்டு, அதில் உபரி டயர், எண்ணெய்க் கலன், கூடாரம் என்று ஏற்றினால் மையம் இன்னும் மேலே போகும். இது அசையாத வண்டிக்கான கணக்கு. ஓடும் வண்டியின் ஸ்பிரிங் வெளிப்பக்கமாக அமுங்குவதால் உண்மை நிலை இதைவிட மோசமாகவே இருக்கும். காட்டில் மணிக்கு 10 கிலோமீட்டரில் ஊர்ந்து போகும்போது இந்த வேறுபாடு பெரிதாகத் தெரியாது. கராக் நெடுஞ்சாலை வளைவில், மழையில், திடீரென்று முன்னே ஒரு மோட்டார்சைக்கிள் சறுக்கினால் அப்போது தெரியும்.

பின்புறத் தொட்டியில் பிள்ளைகளை உட்கார வைத்து அருவிக்குப் போகும் பழக்கம் இன்னும் ஒழியவில்லை. 2009 ஜனவரி முதல் பின் இருக்கைக்கும் வார்ப்பட்டை கட்டாயம். 2020 ஜனவரி முதல் சிறு பிள்ளைகளுக்குத் தனி இருக்கையும் கட்டாயம். தொட்டியில் வார்ப்பட்டையும் இல்லை, இருக்கையும் இல்லை. 'காட்டுக்குள் போலீஸ் இல்லையே' என்று ஒரு தந்தை என்னிடம் வாதிட்டார். போலீஸ் இல்லைதான், மருத்துவமனையும் இல்லை. மேலும், சாலைப் போக்குவரத்து இலாகாவின் அனுமதி பெறாமல் வண்டியின் அமைப்பை மாற்றுவது 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி குற்றமாகும். மாற்றத்தைக் காப்புறுதி நிறுவனத்திடம் சொல்லாமல் மறைத்தால் விபத்துக்குப் பின் இழப்பீடு கேட்கும்போது சிக்கல் வரும். பட்டறைக்காரர் இதைச் சொல்ல மாட்டார். அவருக்கு வியாபாரம் முக்கியம்.

சுவிட்சுகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் மாணவரின் கைவண்ணம் இதில்தான். அவருடைய டேஷ்போர்டில் ஏழு சுவிட்சுகள்: கூரை விளக்கு, பக்க விளக்கு, காற்றடிக்கும் கம்ப்ரஸர், பின் டிஃபரன்ஷியல் பூட்டு, வின்ச், வானொலித் தொடர்பு, குளிர்பெட்டி. ஒவ்வொன்றுக்கும் பெயர் ஒட்டி, இருட்டில் தடவினாலும் அடையாளம் தெரியும்படி இடம் விட்டு அமைத்திருந்தார். டிஃபரன்ஷியல் பூட்டுக்கும் வின்ச்சுக்கும் மட்டும் சிறு மூடி. ஏன் என்று கேட்டேன். "குலுங்குறப்போ கை தவறிப் பட்டுச்சுன்னா, டீச்சர்? அதுவும் ரோட்டுல ஓடுறப்போ லாக் விழுந்தா வளைவுல திரும்பாது," என்றார். பயன்படுத்துபவரின் கை, கண், தவறு எல்லாவற்றையும் எண்ணிப் பார்த்துச் செய்த வேலை அது. நம் வடிவமைப்பும் தொழில்நுட்பமும் பாடநூல் சொல்லும் வடிவமைப்புச் சிந்தனை இதைத் தவிர வேறில்லை. அந்தப் பாடத்தை அட்டையிலும் பசையிலும் முடித்துவிடும் பள்ளிகள் எத்தனை என்று நமக்கே தெரியும்.

ஆனால் எல்லாருடைய வயரிங்கும் அப்படி இருப்பதில்லை. டேஷ்போர்டுக்குப் பின்னால் பார்த்தால் நெஞ்சு திக்கென்றிருக்கும். இணையத்தில் வாங்கிய மலிவான விளக்கு, கைக்குக் கிடைத்த மெல்லிய வயர், நடுவில் பியூஸ் கிடையாது, முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு. 180 வாட் எல்.இ.டி. விளக்கு 12 வோல்ட்டில் 15 ஆம்பியர் மின்சாரம் இழுக்கும். பேட்டரியிலிருந்து கூரைக்குப் போக நான்கு மீட்டர், திரும்பி வர நான்கு மீட்டர் என்று வைத்தால், 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் ஏறத்தாழ ஒன்றரை வோல்ட் வழியிலேயே தொலைந்துவிடும். தொலைந்தது எங்கே போகும்? கம்பியில் வெப்பமாகும். சுமார் 22 வாட் வெப்பம், டேஷ்போர்டின் பிளாஸ்டிக்கும் விரிப்பும் உள்ள இடத்தில். அதே வேலைக்கு 4 சதுர மில்லிமீட்டர் கம்பி போட்டால் இழப்பு அரை வோல்ட் அளவுக்குக் குறையும். கம்பிக்கான விலை வேறுபாடு ஒரு வேளை நாசி கண்டார் சாப்பாட்டுக் காசுதான்.

ரிலே என்பதை நம் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது? தோட்டத்தில் துரை மூட்டை தூக்குவதில்லை. மண்டோரிடம் ஒரு சொல் சொல்கிறார். மண்டோர் ஆட்களை விட்டுத் தூக்கச் செய்கிறார். டேஷ்போர்டுச் சுவிட்ச் துரை. அதன் வழியே கால் ஆம்பியருக்கும் குறைவான மின்சாரமே ஓடுகிறது. அந்தச் சிறு மின்சாரம் ரிலேக்குள் இருக்கும் கம்பிச்சுருளைக் காந்தமாக்க, காந்தம் ஒரு தகட்டை இழுக்க, பேட்டரியிலிருந்து 15 ஆம்பியர் தடித்த கம்பி வழியாக விளக்குக்கு நேராகப் போகிறது. துரையையே மூட்டை தூக்க வைத்தால் என்ன ஆகும்? சுவிட்ச் உருகும். பியூஸ், பேட்டரிக்கு மிக அருகில் இருக்க வேண்டும். விளக்குக்கு அருகில் வைத்தால் நடுவழியில் கம்பி உரசித் தேய்ந்து சட்டத்தைத் தொடும்போது காப்பாற்ற எதுவும் இருக்காது. எஞ்சின் அறைச் சுவரைத் துளைத்துக் கம்பி நுழையும் இடத்தில் ஒரு ரப்பர் வளையம் வேண்டும். சில காசுகள் பெறும் வளையம். வண்டி எரிந்துபோவதற்கும் எரியாமல் இருப்பதற்கும் இடையில் பல நேரங்களில் அந்த வளையமே நிற்கிறது. வின்ச் வேறு கதை. முழுச் சுமையில் அது நூற்றுக்கணக்கான ஆம்பியர் இழுக்கும். அதற்குத் தனித் தடித்த கம்பியும் துண்டிப்புச் சுவிட்சும் இல்லாமல் பூட்டுபவரிடம் வண்டியை விடாதீர்கள்.

இவ்வளவையும் செய்யத் தெரிந்த என் மாணவர், 'எனக்கு சயின்ஸ் வராது டீச்சர்' என்று இன்றும் சொல்கிறார். அவர் 2003இல் முதலாம் ஆண்டில் சேர்ந்தவர். அந்த ஆண்டுதான் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்படும் திட்டம் தொடங்கியது. 2009இல் அதைக் கைவிடும் முடிவு அறிவிக்கப்பட்டுப் படிப்படியாகத் தமிழுக்குத் திரும்புவதற்குள் அவர் தொடக்கப்பள்ளியை முடித்துவிட்டார். வீட்டில் தமிழ், வகுப்பில் ஆங்கில அறிவியல், இடைநிலைப்பள்ளியில் மலாய், பட்டறையில் கெண்டோனீஸ் கலந்த மலாய். இணை மின்சுற்று என்ற சொல்லை அவர் தமிழில் கேட்டதே இல்லை. ஆனால் ஏழு விளக்குகளில் ஒன்று பழுதானாலும் மற்ற ஆறும் எரியும்படி அமைத்திருக்கிறாரே, அதுதான் இணை மின்சுற்று என்று சொன்னபோது முகம் மலர்ந்தது. "அப்போ நான் பாஸா?" என்றார்.

அறிவைத் தாய்மொழியில் கொடுக்க வேண்டும் என்று மேடைகளில் முழங்குகிறோம். சரிதான். ஆனால் தாய்மொழியில் உள்ள அறிவியல், பிள்ளையின் கண் முன் உள்ள பொருளைத் தொடாவிட்டால் அதுவும் ஓர் அயல்மொழியே. இரண்டாம் படிநிலை ஆசிரியர்களுக்கு ஒரு யோசனை. பொம்மைப் பிக்கப் ஒன்றைப் பலகைமேல் பக்கவாட்டாக நிறுத்துங்கள். சறுக்காமல் இருக்கக் கீழ்ப்பக்கச் சக்கரங்களுக்கு ஒரு மெல்லிய குச்சியை ஒட்டுங்கள். பலகையை மெல்லச் சரித்து, கவிழும் கோணத்தைக் கோணமானியால் அளக்கச் சொல்லுங்கள். பிறகு கூரையில் ஒரு நாணயம், இரண்டு நாணயம், மூன்று நாணயம். அட்டவணை, வரைபடம், முடிவு எல்லாம் மாணவர்களே எழுதட்டும். நாற்பது நிமிடம் போதும். வீட்டுக்குப் போய் அப்பாவின் வண்டிக் கூரையைப் பார்த்து அவர்கள் கேட்கும் கேள்வி, நாம் பெற்றோருக்கு அனுப்பும் பத்துக் கடிதங்களுக்குச் சமம்.

காட்டுப்பாதைக்கு ஆசைப்படும் தந்தையருக்கும் ஒன்று. காசில்லாமல் செய்யக்கூடிய மிகச் சிறந்த மாற்றம் டயரின் காற்றைக் குறைப்பது. சாலையில் 32 பி.எஸ்.ஐ. இருப்பதைச் சேற்றிலும் மணலிலும் 18 அளவுக்குக் குறைத்தால் டயர் தரையில் நீளமாகப் படர்ந்து பிடிக்கும், பயணமும் மென்மையாகும். மெதுவாகத்தான் ஓட்ட வேண்டும். தார்ச்சாலைக்குத் திரும்பியதும் மீண்டும் நிரப்ப வேண்டும். அதற்காக ஒரு நல்ல கம்ப்ரஸரும் அதற்கொரு சுவிட்சும் வாங்குவதை நான் ஆதரிக்கிறேன். மூன்று இஞ்ச் உயர்த்துவதற்கு முன் இதைச் செய்து பாருங்கள். காப்புக்காட்டில் நுழைய வனத்துறையின் அனுமதி வேண்டும் என்பதையும், ஆண்டிறுதி மழையில் மலையடிவாரம் எப்படிப்பட்டது என்பதையும் மறவாதீர்கள். 2022 டிசம்பர் 16 அன்று பத்தாங்காலி நிலச்சரிவில் முகாமில் உறங்கிக்கொண்டிருந்தவர்களில் 31 பேர் மாண்டனர். அவர்களில் பிள்ளைகளும் இருந்தனர். அங்கே எந்த ஸ்பிரிங்கும் எந்தச் சுவிட்சும் உதவியிருக்காது.

கடைசியாக, 'வண்டிப் பைத்தியம்' என்று பெயர் வாங்கிய பையன்களின் பெற்றோருக்கு. பட்டறையில் பத்து ஆண்டு வேலை செய்தும் கையில் ஒரு தாள் இல்லாமல் இருப்பவர்கள் நம்மில் ஏராளம். தாள் இல்லாதவனுக்குச் சம்பளம் முதலாளியின் மனநிலையைப் பொறுத்தது. மலேசியத் திறன் சான்றிதழ் எனப்படும் எஸ்.கே.எம். இதற்காகவே இருக்கிறது. வகுப்பில் சேர்ந்து படித்துப் பெறலாம். நிறுவனத்தில் வேலை செய்துகொண்டே பயிலும் தேசிய இரட்டைப் பயிற்சி முறையிலும் பெறலாம். ஏற்கெனவே வேலை தெரிந்தவர்களுக்கு முன்னனுபவத்தை அங்கீகரிக்கும் வழி ஒன்று உண்டு. மலாயில் அதைப் பி.பி.தி. என்பார்கள். செய்த வேலைகளின் சான்றுகளைக் கோப்பாகத் தொகுத்துக் கொடுத்து, மதிப்பீட்டாளரின் முன் திறனை மெய்ப்பிக்க வேண்டும். மனிதவள அமைச்சின் கீழுள்ள திறன் மேம்பாட்டுத் துறை இதைக் கவனிக்கிறது.

என் மாணவருக்கு இந்தக் கோப்புதான் மலைப்பாக இருக்கிறது. ஏழு சுவிட்சு அமைக்கத் தெரிந்தவருக்கு அதைப் பற்றி இரண்டு பக்கம் எழுத வரவில்லை. சனிக்கிழமை மாலைகளில் வந்து உட்காரச் சொல்லியிருக்கிறேன். அவர் தமிழில் சொல்லட்டும், நான் மலாயில் எழுத உதவுகிறேன். முதல் வாரம் ரிலே, அடுத்த வாரம் அந்தப் பிரேக் வால்வு. இப்படி உங்கள் பள்ளியின் பழைய மாணவர்கள் யாரேனும் இருந்தால், அவர்களுக்கும் யாராவது ஓர் ஆசிரியர் இரண்டு மணி நேரம் ஒதுக்க முடியுமா என்று பாருங்கள். படங்களைப் பட்டறையிலேயே எடுத்து வைக்கச் சொல்லுங்கள். வண்டி வெளியே போன பிறகு தேடினால் கிடைக்காது.